கிதாரும் கைநோவும்

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

நம் கல்லூரி விடுதியில் மாலை வேளைகளில் கிதார் ஒலி கேட்காத நாள் குறைவு. ஆனால், "கை பிடித்துக்கொண்டது", "விரல் மரத்துவிட்டது" என்று சொல்லிக் கிதாரைச் சுவரோரம் சாய்த்துவிட்ட நண்பர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன்.

சென்ற ஆண்டு கல்லூரி நாள் விழாவில் இரண்டு பாடல்கள் வாசிக்க ஒப்புக்கொண்டேன். அதுவரை நாளொன்றுக்கு அரைமணி நேரம் வாசித்து வந்தவன், விழாவுக்கு முந்திய வாரம் மூன்று மணி நேரம் வாசிக்கத் தொடங்கினேன். ஐந்தாம் நாள் இடக் கட்டைவிரலின் அடிமேடு கல்லாக இறுகியது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றனர் நண்பர்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். அன்றிரவு சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போயின. விழா நாளன்று மேடைக்குக் கீழே அமர்ந்து, பிறர் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பிடிப்பு வேறு, மரப்பு வேறு

தசைப்பிடிப்பையும் மரத்துப்போதலையும் ஒன்றெனக் கருதுவதே நாம் செய்யும் முதல் தவறு. முன்னது பெரும்பாலும் தசையின் களைப்பு. பின்னது நரம்பின் முறையீடு.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல்களை இழுக்கின்றன. ஐயமிருப்பின், இடது முன்கையை வலக்கையால் பற்றிக்கொண்டு இடக்கை விரல்களை மடக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் தசை நெளிவதை உணரலாம். கட்டைவிரலை அழுத்த உதவும் சிறு தசைகளோ உள்ளங்கை மேட்டில் அமைந்துள்ளன. இடைவிடாது இறுகி நிற்கும் தசையில் இரத்த ஓட்டம் குறைகிறது. அது விரைவில் களைக்கிறது. மூன்று மணி நேரத் தேர்வில் பேனாவை இறுகப் பிடித்து எழுதுவோர்க்குக் கை நோவதும் இதனால்தான்.

மரத்துப்போதலில், எந்த விரல் மரக்கிறது என்பதே எந்த நரம்பு நசுங்குகிறது என்பதற்குக் குறிப்பாக அமைகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் மீடியன் நரம்பை ஐயுற வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருப்பதை எம் துறை ஆய்வகத்து எலும்புக்கூட்டில் எண்ணிப் பார்க்கலாம். அவ்வெலும்புகள் அமைக்கும் குழிவின் மேல் ஓர் உறுதியான நார் கூரைபோல் படர்ந்திருக்கிறது. அந்தக் குறுகிய வழியில்தான் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டை மிகுதியாக வளைத்தால் உள்ளே அழுத்தம் கூடுகிறது.

சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் அல்நார் நரம்பை ஐயுற வேண்டும். முழங்கை கதவில் இடிபடும்போது சுண்டுவிரல் வரை 'ஷாக்' அடித்தாற்போல் பாய்கிறதே, அந்த நரம்புதான் இது. முழங்கையை நெடுநேரம் மடித்தே வைத்திருந்தால் இது இழுபட்டு நசுங்குகிறது. நான் பகலெல்லாம் கையை மடித்து வாசித்தேன். இரவில் அதே கையை மடித்துத் தலைக்கு அணையாக வைத்து உறங்கினேன். நரம்புக்கு ஓய்வு ஏது?

புதிதாகக் கற்போரின் இடக்கை விரல் நுனிகளில் தோல் தடித்து உணர்ச்சி சற்று மங்குவதுண்டு. கம்பி பட்டுக் காய்ப்பதால் வருவது இது. இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

எவ்வளவு அழுத்தம் போதும்?

நம்மில் பலர் தேவைக்கு மேல் அழுத்துகிறோம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கம்பியின் மேல் விரலைச் சும்மா வைத்து மீட்டுங்கள்; மழுங்கிய ஒலி வரும். பிறகு சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். நாதம் தெளிவாக எழும் அந்த இடமே போதிய அளவு. அதற்கு மேல் இடும் வலிமை இசைக்குப் பயன்படாமல் கைக்கு நோவாக மாறுகிறது.

வீணையில் மெட்டு என்கிறோமே, கிதாரில் அதுவே ஃப்ரெட். விரலை ஃப்ரெட்டுக்கு மிக அருகில், அதன் பின்புறமாக வைத்தால் குறைந்த அழுத்தமே போதும். இரண்டு ஃப்ரெட்டுகளின் நடுவில் வைத்தால் கூடுதல் வலிமை தேவைப்படும்.

கருவியையும் பார்க்க வேண்டும். எஃகுக் கம்பிக் கிதாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். நைலான் கம்பிகளில் இது ஏறத்தாழ 40. ஆகவே தொடக்கத்தில் நைலான் அல்லது மெல்லிய எஃகுக் கம்பி நலம். கம்பி பலகையை விட்டு மிக உயர்ந்து நின்றால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் தாழ்த்திக்கொள்ளலாம். என் கிதாரின் குறையும் இதுவே.

அமர்வும் பயிற்சியும்

தோள்களைத் தூக்காமல், இட மணிக்கட்டைக் கூடியவரை நேராக வைத்து வாசிக்க வேண்டும். கிதாரின் எடையை இடக்கை தாங்கலாகாது. தோள்வாரோ கால்மணையோ தாங்கட்டும். வல முன்கையைக் கிதாரின் கூரிய விளிம்பில் அழுந்த வைத்தலும் ஆகாது. ஐந்து நிமிடம் மெல்ல வாசித்துக் கையைச் சூடேற்றியபின் கடினமான பகுதிக்குச் செல்லலாம். 25 நிமிட வாசிப்புக்கு 5 நிமிட ஓய்வு என்பது நல்ல கணக்கு. விழா வருகிறதென்று திடீரென நேரத்தைக் கூட்டாமல் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுக. நோவு தொடங்கினால் நிறுத்திவிடுக. வலி மாத்திரை விழுங்கிவிட்டு வாசிப்பது, தீ அணையாமல் மணியை மட்டும் நிறுத்துவது போன்றது.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

ஓய்வெடுத்தும் மரப்பு நீங்காவிடில், இரவில் மரப்பால் உறக்கம் கலைந்தால், பிடித்த பொருள் கை நழுவினால், கட்டைவிரல் மேடு மெலிந்தால், காலம் தாழ்த்தலாகாது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கழுத்தில் நரம்பு நசுங்குதல் ஆகியவையும் இப்படித் தோன்றலாம். என்னைச் சோதித்த மருத்துவர், "தம்பி, இரண்டு வாரம் கிதாரைத் தொடாதே, கையை நீட்டிப் படு" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் வாரம் மரப்பு அகன்றது.

வலியே இல்லாமல் விரல்கள் தாமாகச் சுருண்டு சொற்கேளாமற் போவதும் உண்டு. இதனை ஃபோக்கல் டிஸ்டோனியா என்பர். கோளாறு மூளையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலக்கை விரல்கள் இவ்வாறு சுருண்டன. பல்லாண்டுகள் இடக்கையால் மட்டும் வாசித்தும், கற்பித்தும், இசைக்குழு நடத்தியும் வாழ்ந்தார். 1990களில் பெற்ற போட்டாக்ஸ் ஊசி மருத்துவத்தால் மீண்டும் இரு கைகளாலும் வாசித்தார். அத்தகையவருக்கே இந்நிலை எனில், கை கொடுக்கும் அறிகுறியை நாம் புறக்கணிக்கலாமா?

இவ்வாண்டு விழாவில் ஒரே ஒரு பாடல் வாசித்தேன்; கை நோகவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது பழமொழி. நண்பர்களே, நமக்குக் கையே சுவர். அதைக் காத்துக்கொண்டால் இசையை வாழ்நாளெல்லாம் தீட்டலாம்.