ஐந்தாவது ராக்கிக்கும் காரைக்குடிக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

தான் எழுதி, தானே நடித்த படத்துக்குப் பத்துக்குப் பூஜ்யம் மார்க் போட்ட ஹீரோ யார், தெரியுமா? சில்வெஸ்டர் ஸ்டாலோன்! டி.வி. பேட்டி ஒன்றில் ராக்கி படங்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ‘ராக்கி 5’ முறை வந்தது. முட்டை!

1990 நவம்பர் 16-ல் வெளியான படம். அதற்கு முந்தைய ‘ராக்கி 4’ அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் அள்ளியிருந்தது. ஐந்தாவது அதே நாட்டில் சுமார் 4 கோடியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அந்த ஆண்டின் ‘மகா மோசங்களுக்கு’க் கொடுக்கிற ராஸி விருதுக்கு இந்தப் படம் 7 பிரிவுகளில் பரிந்துரையானது. ஒன்றிலாவது ஜெயித்ததா? இல்லை. யார் மோசம் என்ற போட்டியில்கூடத் தோற்றது!

இவ்வளவு திட்டு வாங்கிய படத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காக்காரன் கதை காரைக்குடிக்காரனுக்கு எதற்கு என்கிறீர்களா? இருக்கிறது, ஒன்றல்ல, நாலைந்து முடிச்சு இருக்கிறது!

முதல் முடிச்சு இது. ‘ராக்கி 2’ எந்த வருஷம்? 1979 ஜூன். தமிழில் ‘கல்யாணராமன்’ எந்த வருஷம்? அதே 1979, ஜூலை! ‘ராக்கி 4’ எப்போது? 1985 நவம்பர். ‘ஜப்பானில் கல்யாணராமன்’? 1985 தீபாவளி, அதுவும் நவம்பர்! ஸ்டாலோனும் கமல்ஹாசனும் பேசி வைத்துக்கொண்டதுபோல நடந்திருக்கிறது.

தமிழ் சினிமாவின் முதல் ‘அடுத்த பாகம்’ என்று இன்று சொல்லப்படுவது இந்த ‘ஜப்பானில் கல்யாணராமன்’தான். அதை உருவாக்கிய இருவருமே சிவகங்கைச் சீமைக்காரர்கள் என்பது தெரியுமா? இயக்கியவர் எஸ்.பி.முத்துராமன். 1935-ல் காரைக்குடியில் பிறந்தவர். சுயமரியாதை இயக்கத்து இராம.சுப்பையாவின் மகன். கதை எழுதிய பஞ்சு அருணாசலம் சிறுகூடல்பட்டிக்காரர். கண்ணதாசனின் அண்ணன் மகன். ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தியவர். இன்று படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ‘பார்ட் 2’ என்று போஸ்டர் அடிக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு நம் மண்ணில்தான் கால்கோள் விழுந்தது!

அந்த 1985-ல் முத்துராமன் செய்த இன்னொரு வேலையைக் கேளுங்கள். செப்டம்பரில் ரஜினியின் நூறாவது படமான ‘ஸ்ரீராகவேந்திரர்’. நவம்பரில் பல் நீட்டிய ஆவி ஜப்பானுக்குப் போகிற படம்! ஒரே மனிதர், ஒரே வருஷம், ஒரு மகான், ஒரு பேய்.

முதல் ‘கல்யாணராமன்’ கதை பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணம் என்ற வெகுளிப் பிள்ளையைச் சொத்துக்காகக் கொன்றுவிடுகிறார்கள். அவன் ஆவியாகத் திரும்பி வந்து, இரட்டைச் சகோதரன் ராமனின் உடம்பில் புகுந்து பழி தீர்க்கிறான். சிரித்துக்கொண்டே இருந்த கூட்டம் அவன் சாகிற இடத்தில் தொண்டை அடைத்துப் போகும். இரண்டாம் பாகத்தில் அந்த அடைப்பு இல்லை. ஊர் சுற்றல், கவுண்டமணி, சத்யராஜின் வில்லத்தனம், ராதாவோடு பாட்டு. பழைய கல்யாணத்தைத் தேடிப் போனவர்கள் ஏமாந்தார்கள். போதாக்குறைக்கு அதே தீபாவளிக்கு ரஜினியின் ‘படிக்காதவன்’ வேறு!

ஆனால் இன்று அந்தப் படத்தைப் போட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு நடந்த இடம் ஜப்பானின் சுகுபா நகரில் நடந்த ‘எக்ஸ்போ 85’ உலகக் கண்காட்சி. மார்ச் 17-ல் திறந்து செப்டம்பர் 16-ல் மூடிவிட்டார்கள். அங்கே ஒரு ரோபோ உட்கார்ந்து ஆர்கன் வாசித்தது! சோனி நிறுவனம் 40 மீட்டர் அகலத்தில் ஒரு ராட்சத டி.வி. திரையை நிறுத்தியிருந்தது! கண்காட்சி மூடி இரண்டு மாதம் ஆவதற்குள் அந்த ஊர் நம் தியேட்டர்களில் ஓடியது. இன்றைக்கு அந்தப் படம் 1985-ன் ஜப்பானைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறது. (ரோபோ என்றதும் இன்னொன்று: அதே 1985-ல் வந்த ‘ராக்கி 4’-ல் மைத்துனன் பாலிக்குப் பிறந்தநாள் பரிசாக வருவதும் ஒரு ரோபோதான்! குத்துச்சண்டைப் படத்தில் ரோபோ எதற்கு என்று அப்போதும் யாருக்கும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.)

தமிழ் சினிமா ஜப்பான் கண்காட்சிக்குப் போனது அது முதல் தடவையும் இல்லை. எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ ஒசாகாவின் ‘எக்ஸ்போ 70’-ல் எடுத்த படம். 1973-ல் வெளிவந்த அந்தப் படத்தின் முடிவில், அடுத்தது ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று அறிவிப்பே போட்டார்கள், தெரியுமா? அந்தப் படம் வரவே இல்லை. வந்திருந்தால் கல்யாணராமனின் ‘முதல் அடுத்த பாகம்’ பட்டம் பறிபோயிருக்கும். வராத படத்தை யாராலும் திட்ட முடியாது என்பது வேறு விஷயம்! கடைசியில் ஜப்பான்காரர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடியது எதை? ஜப்பான் பக்கமே போகாத ‘முத்து’வை, 1998-ல்!

சரி, ராக்கிக்கு வருவோம். இனிமேல்தான் செட்டிநாட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

மாஸ்கோவில் ரஷ்ய ராட்சதன் டிராகோவை வீழ்த்திவிட்டு ராக்கி ஊர் திரும்புகிறான். வந்து பார்த்தால் கையில் காசில்லை! எப்படி? பாலியின் பேச்சை நம்பி, என்னவென்று தெரியாமலேயே கணக்கருக்கு ஒரு ‘பவர்’ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அந்த ஆள் பணத்தை ரியல் எஸ்டேட்டில் போட்டு மொத்தத்தையும் கரைத்துவிட்டான். வருமான வரியும் கட்டவில்லை. நம்ப முடிகிறதா? ஒரே கையெழுத்தில் கோடீஸ்வரன் தெருவுக்கு வருவானா?

காரைக்குடியில் கேளுங்கள். கடல் கடந்து ‘கொண்டுவிற்க’ப் போன நகரத்தார் (செட்டியார்கள்) தொழிலே பவர் பத்திரத்தில்தான் ஓடியது. முதலாளி ஊரில் இருப்பார். பர்மாவிலோ மலாயாவிலோ கடையை நடத்துகிற ஏஜெண்டின் கையில் பவர் இருக்கும். மூன்று வருஷக் கணக்கு. 1930-களின் பிற்பகுதியில் கீழ்பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தது. போட்டது போட்டபடி கிளம்பினார்கள், பலர் நடந்தே வந்தார்கள். பிறகு அங்கே நில தேசியமயம், அதன் பிறகு கடைகளும் போயின. ஏஜெண்ட் ஏமாற்றிய கதையல்ல இது, சரித்திரம் ஏமாற்றிய கதை. ஆனால் காகிதத்தில் இருந்த சொத்து காகிதமாகவே நின்றுபோவது எப்படி என்று உங்கள் வீட்டு ஐயாவைக் கேட்டால் ‘ராக்கி 5’-ன் முதல் அரைமணி நேரத்தை அவரே எழுதிக் கொடுப்பார்!

படத்தில் ஒரு ஏலக் காட்சி வருகிறது. மாளிகையின் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து விலை கூறுகிறார்கள். குடும்பம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளைச் சுற்றியவர்களுக்கு அந்தக் காட்சி புதிதே அல்ல. யார் வீட்டு வளவிலோ நின்ற தேக்குத் தூண், யார் வீட்டு ஆச்சியோ சீதனமாகக் கொண்டுவந்த எனாமல் அடுக்கு, சட்டம் போட்ட ரவிவர்மா படம், எல்லாவற்றுக்கும் அங்கே விலை உண்டு. வாங்குபவர் தூணைத் தட்டிப் பார்த்துப் பேரம் பேசுவார். தூண் எந்த வீட்டில் நின்றது என்று கேட்க மாட்டார்.

ராக்கி பிலடெல்பியாவின் பழைய தெருவுக்கே திரும்புகிறான். மனைவி ஏட்ரியன், கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த அதே செல்லப்பிராணிக் கடைக்கு மறுபடி வேலைக்குப் போகிறாள். கூட்டத்துக்கு இதுதான் பிடிக்கவில்லை! டிராகோவை விடப் பெரிய ஒருவனை ராக்கி குத்துவான் என்று டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம், தலைவர் இனிமேல் குத்தவே கூடாது என்று டாக்டர் சொல்கிற கதையைக் கொடுத்தால்? என் கணக்கில் ‘ராக்கி 5’ வாங்கிய திட்டில் பாதி, படம் மோசம் என்பதற்காக விழுந்தது அல்ல, வேறு படம் வேண்டும் என்பதற்காக விழுந்தது.

படத்தின் ஆரம்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சண்டை முடிந்து ராக்கி குளியலறையில் நிற்கிறான். கைகள் நடுங்குகின்றன. நிறுத்தப் பார்க்கிறான், நிற்கவில்லை. உலக சாம்பியனின் முகத்தில் சின்னப் பையனின் பயம்! மூளையில் சேதம் என்று பரிசோதனையில் தெரிகிறது. முகமது அலிக்குப் பார்க்கின்சன் என்று 1984-ல்தான் கண்டுபிடித்திருந்தார்கள். தலையில் வாங்குகிற அடி விளையாட்டு வீரர்களை என்ன செய்கிறது என்று அமெரிக்கா உரக்கப் பேச ஆரம்பித்தது 2000-க்குப் பிறகு. நாலு படங்களில் தலையிலேயே குத்து வாங்கிய ஹீரோவுக்கு அதற்கான ரசீதைக் கொடுத்த ராக்கி படம் இதுதான்!

குறை இல்லையா? ஏராளம்! ராக்கி ரஷ்யாவுக்குப் போகும்போது மகன் சின்னப் பையன். சில வாரத்தில் திரும்பினால் மீசை முளைக்கிற வயசு! எந்த உரம் போட்டார்களோ. புரமோட்டர் டியூக் வருகிற காட்சியெல்லாம் ஒரே கத்தல். நிஜ புரமோட்டர் டான் கிங்கை நக்கல் செய்கிறார்கள் என்று ஒரு தடவை புரிந்தால் போதாதா? இறுதிச் சண்டையில் குத்துச்சண்டையை விட மல்யுத்தம்தான் அதிகம்.

ஆனால் அந்த மகனாக நடித்தவர் யார், தெரியுமா? ஸ்டாலோனின் சொந்த மகன் சேஜ்! படத்தில் அப்பா வெளியாள் பையனைத் தூக்கிவிடுவதிலேயே மூழ்கிப்போய்த் தன் பையனை மறந்துவிடுகிறார். அதைக் கேட்டு மகன் வெடிக்கிற காட்சியில் நிற்பது நிஜ அப்பாவும் நிஜ மகனும். சேஜ் 2012-ல் 36 வயதிலேயே இறந்துபோனார். அந்தக் காட்சியை இப்போது பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரிதான் இருக்கும்.

வெளியாள் பையன் டாமி கன்னாக வந்தவரும் வெறும் நடிகர் அல்ல! டாமி மாரிசன், நிஜ ஹெவிவெயிட் வீரர். படம் வந்து மூன்றே வருஷத்தில், 1993-ல், ஜார்ஜ் ஃபோர்மனைத் தோற்கடித்து டபிள்யூ.பி.ஓ. பட்டத்தைப் பிடித்தார். படத்தில் டாமியைக் கெடுக்கிறவன் பெயர் டியூக். நிஜத்தில் மாரிசனின் பட்டப்பெயர் என்ன? ‘தி டியூக்’! 1996-ல் எச்.ஐ.வி. பரிசோதனை அவருடைய ஆட்டத்தை நிறுத்திவிட்டது, 2013-ல் காலமானார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ‘தெரியுமா’ இது: இந்தப் படத்தில் ராக்கி சாக வேண்டியவன்! முதல் ‘ராக்கி’யை இயக்கி ஆஸ்கர் வாங்கிய ஜான் ஆவில்ட்சன் ஐந்தாவதுக்குத் திரும்பி வந்ததே அதற்காகத்தான். தெருச் சண்டை முடிந்து ஏட்ரியனின் கைகளில் உயிர் போவதாகத் திரைக்கதை. படப்பிடிப்பின் நடுவே முடிவு மாறியது, ராக்கி பிழைத்துக்கொண்டான். சோகம் வரப்போகிறது என்று கட்டிக்கொண்டு வந்த படம் கடைசிப் பத்து நிமிஷத்தில் மனசை மாற்றிக்கொள்வது அதனால்தான். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஆனால் அன்று ராக்கி செத்திருந்தால் 2006-ல் ‘ராக்கி பல்போவா’ ஏது, 2015-ல் ‘கிரீட்’ ஏது?

‘கிரீட்’ என்றதும் கவனியுங்கள். வயசான ராக்கி, கோபக்கார இளைஞனுக்கு வாத்தியார் ஆகிறான். உலகமே எழுந்து கைதட்டியது. ஸ்டாலோனுக்கு கோல்டன் குளோப், ஆஸ்கர் பரிந்துரை! அந்தக் கதையை முதலில் சொன்னது எது? பூஜ்யம் மார்க் வாங்கிய ‘ராக்கி 5’! அதில் ராக்கி, தன் நண்பன் அப்பல்லோ கிரீடின் நட்சத்திரக் கொடி டிரவுசரை டாமிக்குக் கொடுக்கிறான். 25 வருஷம் கழித்து அதே பாணி டிரவுசர் அப்பல்லோவின் மகனுக்கு வந்து சேருகிறது. 1990-ல் தவறான சீடனிடம் போன துணி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வாத்தியார் என்றதும் நமக்கு நம் குத்துச்சண்டைப் படம் ‘சார்பட்டா பரம்பரை’யின் ரங்கன் ஞாபகம் வராமல் இருக்காது. 2021-ல் அந்தப் படத்தின் இரண்டாம் பாதியைப் பற்றி என்ன முணுமுணுத்தார்கள்? ஹீரோ கபிலன் ரிங்குக்குப் போகாமல் சாராயத்தோடு எத்தனை நேரம் கிடப்பான் என்றுதானே! குத்துச்சண்டை வீரன் குத்தாமல் இருக்கிற நேரத்தைக் கூட்டம் எங்கேயும் மன்னிப்பதில்லை. ‘சார்பட்டா ரவுண்ட் 2’ வருவதாக 2023-ல் அறிவித்திருக்கிறார்கள், இயக்குநர் பா.ரஞ்சித்துக்கு யாராவது இதைச் சொல்லிவையுங்கள். 1985-ல் தமிழின் முதல் அடுத்த பாகத்தில் நடித்த கமல், 2024-ல் ‘இந்தியன் 2’-க்கும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். முப்பத்தொன்பது வருஷ அனுபவம்!

‘ராக்கி 5’ பார்க்கப் போகிறவர்கள் படம் முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிடாதீர்கள். கடைசி எழுத்துகள் ஓடும்போது ஐந்து படங்களின் ஸ்டில்களும் வரிசையாக வரும், கூடவே ஒரு பாட்டு. அந்த வருஷத்தின் மோசமான பாட்டு என்று ராஸிக்குப் போன பாட்டு அது! பாடியவர் எல்டன் ஜான். நாலே வருஷத்தில் ‘லயன் கிங்’ பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கியவர். எழுதியவர் ஆலன் மென்கன். ‘லிட்டில் மெர்மெய்ட்’டுக்காக அதே 1990-ல் இரண்டு ஆஸ்கர்களை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தவர்!