பாடல் மைதானத்திற்குப் புறப்படுமுன்

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது திறந்தவெளி இசைக் கூட்டம் ஒன்றுக்காவது குடும்பமாகச் செல்லாமல் திரும்புகிறவர்கள் நம்மில் சிலரே. பட்டணத்து வாடகை வீட்டில், அடுத்த வீட்டாருக்கு அஞ்சித் தாழ்ந்த குரலில் பாடிப் பழகிய நமக்கு, ஆகாயத்தின் கீழே ஆயிரம் பேரோடு வாய்விட்டுப் பாடுவது தனிச் சந்தோஷம். அதை எவரும் இழக்கவேண்டாம். ஆனால் வெயிலையும் புழுதியையும் அறிந்து போங்கள். நான் அறியாமல் போனேன்.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் கடலுக்கு அருகே உள்ள காஞ்சிரங்குளம் என் தாயாரின் ஊர். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் அப்பகுதியின் கூட்டங்களில் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் மாறிமாறி ஒலிப்பதைக் கேட்கலாம். கர்நாடக இராகங்களில் மலையாளக் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றிய மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) பிறந்த திருப்புறம் பக்கத்து ஊர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஏப்ரல் மாதத்தில், அங்கே செம்மண் மைதானம் ஒன்றில் பாடல் கூட்டம் நடந்தது. விடியவிடியப் பாடிய காலம் போயிற்று. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தவேண்டும். ஆகவே மாலை 4 மணிக்கே தொடங்கிவிட்டார்கள். வாகனம் ஒவ்வொன்றும் வந்து நிற்கையில் செம்புழுதி எழும்பி வேட்டியிலும் தலையிலும் படிந்தது.

எழுபது வயதைக் கடந்த என் சித்தியை முன்வரிசை நாற்காலியில் அமர்த்தினேன். அது மரியாதையான இடம் என்று எண்ணினேன். மேற்கு வெயில் நேரே முகத்தில் விழும் இடம் என்று யோசிக்கவில்லை. அவர் இரத்த அழுத்தத்திற்காக, சிறுநீரை அதிகமாய்ப் பிரியச்செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர். மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் இராது என்று தெரிந்து, மத்தியானம் முதல் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. அதை அவர் எங்களிடம் சொல்லவும் இல்லை. நம்முடைய தாய்மார் இப்படிச் சொல்வதில்லை.

மூன்றாம் பாட்டின்போது அவர் கண்களை மூடினார். உடல் இலேசாக ஆடியது; உதடுகள் முணுமுணுத்தன. ஆவியில் நிறைந்து துதிக்கிறார் என்றே எண்ணினோம். தொட்டுப் பேசவும் நான் தயங்கினேன். பின்வரிசையில் இருந்த நர்ஸ் சகோதரி ஒருவர்தாம் எழுந்துவந்து கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். வியர்வையே இல்லை, தோல் அடுப்பாய்க் கொதித்தது. சித்தி கண்விழித்து, "மக்களே, அப்பா வந்தாச்சா?" என்று என்னைக் கேட்டார். அவருடைய அப்பா இறந்து நாற்பது வருஷமாகிறது.

அயினி மரத்து நிழலுக்குத் தூக்கிச் சென்றோம். சிலர் சூழ்ந்துநின்று ஜெபிக்கத் தொடங்கினார்கள். "ஜெபித்துக்கொண்டே தண்ணீரை ஊற்றுங்கள், காற்றை மறைக்காதீர்கள்" என்றார் அந்தச் சகோதரி. ஆடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஈரத் துண்டால் விசிறினோம். 108 வண்டி வந்தது. இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்து சித்தி வீடு திரும்பினார்.

சூனேம் ஊராளின் மகனை நீங்கள் அறிவீர்கள் (2 இராஜாக்கள் 4). அறுப்பு வயலுக்குப் போன பிள்ளை தலை நோகிறதென்று கதறினான். மத்தியானத்திற்குள் தாயின் மடியிலே மரித்தான். அதை வெயிலின் தாக்குதல் என்று கருதுவோர் பலர். இத்தனை வருஷம் அந்த அதிகாரத்தை வாசித்தும், வயலையும் வெயிலையும் நான் கவனித்ததேயில்லை.

நம் சரீரம் வியர்வை உலர்வதனால் குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. ஆகையால் வெப்பமானி 34 பாகை காட்டினாலும், உள்நாட்டின் வறண்ட 38 பாகையைவிட அது கொடிதாகலாம். முதியவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்துபோகும். தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். பேச்சு தடுமாறினால் அது ஆபத்து. சரீர வெப்பம் 40 பாகையை எட்டியிருக்கலாம். அந்நிலையில் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். வெளியே ஊற்றுங்கள், வண்டியை அழையுங்கள்.

நினைவு தெளிவாக இருப்பவருக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கைக்குழந்தையின் மேல் வெயிலுக்காகத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள். உள்ளே வெக்கை தங்கும். இளைப்பு நோயுள்ளவர் உறிஞ்சும் மருந்தைப் பையில் அல்ல, கையிலே வைத்திருக்கட்டும். பட்டுப்புடவை? அது வேறொரு நாளுக்கு இருக்கட்டும்.

பம்பையாற்று மணலில் 1895 முதல் நடந்துவரும் மாராமண் கன்வென்ஷனைப் பாருங்கள். தொடக்க காலத்தில் அங்கே பிரசங்கித்தவர்களுள் "தமிழ் டேவிட்" எனப்பட்ட நம்மவரும் ஒருவர். கோடை முற்றுமுன், பிப்ரவரியில் கூடுகிறார்கள். ஓலைப்பந்தலின் கீழே மணலில் அமர்கிறார்கள். ஓலை காற்றை உள்ளே விடும். நாம் இன்று கட்டும் தார்ப்பாய்ப் பந்தல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நடத்துகிறவர்கள் ஒலிபெருக்கிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைத் தரையில் நீர் தெளிக்கவும் பெண்களின் கழிப்பிடத்திற்கும் செலவிட்டால் நலம். 2023 நவம்பரில் பிரேசிலின் ரியோ நகரத்து இசை நிகழ்ச்சியில் வெப்பத்தால் ஓர் இளம்பெண் இறந்தாள். தண்ணீர்ப் புட்டிகளைக் கொண்டுசெல்ல அங்கே தடை இருந்தது. மறுநாளே அரசு அதை மாற்றியது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகசம் காணத் திரண்ட கூட்டத்தில் 5 பேர் இறந்ததையும் நாம் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் சித்தியே, "நான் வருவேன்" என்றார். வெயில் தாழ்ந்து 6 மணிக்குப் போனோம். மைதானத்தை ஒட்டிய வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, தாய்மாருக்குக் கழிப்பிடம் திறந்து வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் குடையும் கூஜாவுமாக அமர்ந்து சித்தி பாடினார். பாதிப் பாட்டில் கண்களை மூடினார். நான் அவசரமாகத் தோளைத் தொட்டேன். "போடா, நான் ஜெபிக்கிறேன்" என்றார்.