தேன்பெட்டிக்குள் திருடர்கள்

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். ஆனால், தேனீ வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் எனக்கு நக்கிப் பார்க்க ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா, வாசகர்களே?

உம்பாய்ப் பக்கம், எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, தென்னை நிழலில் நான்கு தேன்பெட்டிகள் வைத்தார். "வாத்தியாரையா, நீங்க நாலெழுத்துப் படிச்சவங்க. பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு பெட்டியை என் பொறுப்பிலேயே விட்டார்.

ஒருநாள் அந்தப் பெட்டியின் அடையில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. கூட்டு வண்டு என்னும் ஆப்பிரிக்கப் பூச்சியைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். "இது அந்த வண்டுதான். நான்கு பெட்டியையும் கொளுத்திவிட வேண்டும்" என்று பெரிய மேதாவிபோலச் சொல்லிவிட்டேன். பெரியவரின் முகம் வாடிப் போயிற்று. "ஒரு ராத்திரி பொறுத்துப் பார்ப்போமே ஐயா" என்றார். மறுநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது வண்டே அல்ல. சாதாரண மெழுகு அந்துப்பூச்சியின் புழு! வெட்கத்தால் தலை குனிந்தேன்.

எப்படி அடையாளம் காண்பது?

நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். அந்துப் புழு அடையைக் குடைந்து, போகும் வழியெல்லாம் சிலந்தி வலைபோல் நூல் விட்டுச் செல்லும். வண்டின் புழு நூல் விடாது. அது தின்ற இடத்தில் தேன் நுரைத்து, புளித்து, அழுகிய ஆரஞ்சுப் பழம்போல் நாறும். வண்டுப் புழுவுக்கு முன்புறம் மூன்று சோடிக் கால்கள் மட்டுமே உண்டு. முதுகில் முள் வரிசை இருக்கும். அந்துப் புழுவுக்கோ நடுவயிற்றிலும் குட்டைக் கால்கள் உண்டு.

வளர்ந்த வண்டு ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் நீளம், கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறம். பெட்டியைத் திறந்ததும் வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்கில் ஓடி ஒளியும். இது 1867ஆம் ஆண்டிலேயே அறிஞர்கள் பெயரிட்ட பூச்சி. ஆப்பிரிக்காவை விட்டு 1998ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும், 2002ல் ஆஸ்திரேலியாவிலும், 2014ல் இத்தாலியிலும் பிலிப்பைன்ஸிலும் தலைகாட்டியது. 2022ல் இந்தியாவின் மேற்கு வங்காளத்திலும் கண்டார்கள். ஆகவே சந்தேகமான வண்டைக் கண்டால், ஒரு சிறு போத்தலில் பிடித்துப் போட்டு விவசாய இலாகாவிடம் காட்டுங்கள். என்னைப்போல் நெருப்புப் பெட்டியைத் தேடாதீர்கள்!

என்ன செய்ய வேண்டும்?

முதல் மருந்து, பலமான தேனீக் கூட்டந்தான். தேனீக்கள் நிறைந்து மொய்க்கும் அடையில் அந்துக்கும் வண்டுக்கும் இடமில்லை. காலியான சட்டங்களைப் பெட்டியில் விட்டு வைக்காதீர்கள். வீடு பெரிது, காவல்காரன் ஒருவன் என்றால் திருடனுக்குக் கொண்டாட்டமல்லவா?

இரண்டாவது, துப்புரவு. அடிப்பலகையில் விழும் மெழுகுத் துகளை வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள். புழு பிடித்த அடையை உருக்கிவிடலாம். நல்ல அடையானால் உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துப்போகும். தேன் சட்டத்தை எடுத்த மறுநாளுக்குள் தேனைப் பிழிந்துவிடுங்கள்.

மூன்றாவது, இடம். வண்டின் புழு வளர்ந்ததும் பெட்டியை விட்டு இறங்கி, ஈர மண்ணுக்குள் புகுந்துதான் கூட்டுப்புழுவாகும். ஆகவே பெட்டிக்கு அடியில் மண் காய்ந்தும் இறுகியும் இருப்பது நல்லது.

எறும்புக்கு, பெட்டித் தாங்கியின் நான்கு கால்களையும் டின்களில் நிறுத்துவார்கள். டின்னில் வெறும் தண்ணீர் ஊற்றினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் வரும், அபராதமும் வரும். பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றுங்கள். குளவிக்குப் பயந்து பூச்சி மருந்து அடிக்காதீர்கள். அது முதலில் கொல்வது தேனீயைத்தான். நம் நாட்டுத் தேனீக்கள் குளவியைப் பந்துபோல் சூழ்ந்து, உடற்சூட்டாலேயே கொன்றுவிடும் வீரம் படைத்தவை. வாசலைச் சிறிதாக்கி அவற்றுக்கு உதவினால் போதும்.

கெலுலுட் வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் அதன் உறவான கொடுக்கில்லாத் தேனீக்கள், கூட்டுக்குள் நுழையும் வண்டைப் பிசினும் மெழுகும் மண்ணும் பூசி உயிரோடு சமாதி கட்டிவிடுவதை 2010ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆனால் நாம் கூட்டைப் பிளந்து பிசின் சுவரை உடைத்துவிட்டால், பாவம், அவை என்ன செய்யும்?

மார்த்தாண்டம் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மார்த்தாண்டத்தில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் தலைமையில் ஏழை விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கேயும் ரப்பர் தோட்டங்கள்தாம். இலையுதிர்ந்து தளிர் விடும் காலத்தில், ரப்பர் இலைக்காம்பின் நுனியில் ஊறும் இனிப்பு நீரே அவர்களுக்குப் பெரிய தேன் வரவு. ஆண்டுக்கணக்கில் பால்மரத்தோடு வாழ்ந்த நாம் இதைக் கவனித்தோமா?

1991, 1992ஆம் ஆண்டுகளில் 'தாய் சாக்புரூட்' என்னும் நச்சுயிரி நோய் வந்து, அங்கே பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. புழுக்கள் நீர்ப்பைபோல் வீங்கிச் செத்தன. மருந்தில்லை. ஆனாலும் அவர்கள் தொழிலைக் கைவிடவில்லை. நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கி, மீண்டும் எழுந்தார்கள்.

இனி என் கதையின் மிச்சம். அந்துப் புழு என்று தெரிந்த பிறகும் எனக்குப் பதற்றம் தீரவில்லை. தினமும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். எட்டாம் நாள் பெட்டி காலி! தொல்லை பொறுக்காமல் கூட்டமே பறந்துவிட்டது. புழு செய்யாத கேட்டை நான் செய்தேன். பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "போனது போகட்டும் ஐயா. மத்த மூணையும் பார்ப்போம்" என்றார்.

பத்து நாளுக்கு ஒருமுறை, காலை வெயிலில், கால்மணி நேரம் மட்டுமே இப்போது பார்க்கிறோம். மூன்று பெட்டிகளும் நன்றாக இருக்கின்றன. சென்ற மாதம் அவர் ஒரு சிறு போத்தலில் தேன் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வாங்கிக்கொள்ளக் கூசினேன். "படிச்சதுக்குக் கூலி ஐயா" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டில் பெட்டி வைத்தால், கையைவிடக் கண்ணுக்கு அதிக வேலை கொடுங்கள். தேன் தானாக வரும்.