பிஞ்சு இதயங்களுக்காக ஒரு வாழ்நாள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவிக்கரையில் நடுங்கி நிற்கும் குழந்தைகளின் உதடுகள் நீலம் பாய்ந்திருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தலை துவட்டி, வெதுவெதுப்பாக ஏதேனும் குடிக்கக் கொடுத்தால் சற்று நேரத்தில் நிறம் திரும்பிவிடும்.

சென்ற சாரல் காலத்தின் முடிவில் ஒரு தாய் தம் நான்கு வயது மகளை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். அக்குழந்தைக்கு உதடு மட்டுமன்று, நாவும் நீலமாக இருந்தது. "குளிர்ந்த தண்ணியில நின்னதாலன்னு இருந்துட்டோம் சார்" என்றார் தாய். சிறிது தூரம் ஓடினாலே குழந்தை குந்தி உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் அப்போதுதான் சொன்னார். எக்கோ பரிசோதனையில், இதயத்தின் கீழறைகளுக்கு இடையே துளையும், நுரையீரலுக்குச் செல்லும் இரத்தப் பாதையில் குறுக்கமும் இருப்பது தெரிந்தது.

குளிரால் உதடும் விரல்நுனியும் நீலமாகலாம். நாவும் வாயின் உட்புறமும் நீலமாக இருந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்றே கருதவேண்டும். பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது.

சென்னைக்கு அனுப்பவேண்டும் என்றதும் அக்குடும்பத்தார் கேட்டது ஒரே கேள்விதான்: "இத்தனை சின்ன நெஞ்சைத் திறக்க முடியுமா?" அதற்கு விடையாக ஒரு மருத்துவரின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

டாக்டர் கே. எம். செரியன் 1942இல் கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ விரிவுரையாளராகப் பணி தொடங்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் இதய அறுவை மருத்துவம் பயின்றார். நியூசிலாந்தில் சர் பிரையன் பாரட்-பாயிஸிடமும், அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் ஜான் கிர்க்லினிடமும் குழந்தைகளுக்கான இதய அறுவையைக் கற்றார்.

பச்சிளங் குழந்தையின் இதயம் அதன் மூடிய கைப்பிடி அளவே இருக்கும். துடித்துக்கொண்டிருக்கும் அத்தனை சிறிய உறுப்பினுள் தையல் போடுவது அரிது. ஆகவே குழந்தையின் உடலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, அதற்குள் பழுதைச் சீராக்கும் முறையைப் பாரட்-பாயிஸ் செம்மைப்படுத்தினார். குளிர்ந்த உடலுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு. மூளைக்கு அதுவே காப்பு.

தாயகம் திரும்பிய செரியன், 1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்து பெயர் பெற்றார். 1987இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் உருவாவதற்கும், பின்னர் ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனை அமைவதற்கும் காரணமானார். இந்தியாவில் குழந்தைக்கு முதன்முதலில் மாற்று இதயம் பொருத்தியவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. 1991இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2025 ஜனவரியில் தமது 82ஆம் வயதில் காலமானார்.

அவர் கடல் கடந்து கற்ற கலை இன்று நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது. மாலையில் செங்கோட்டையிலிருந்து புறப்படும் பொதிகை விரைவு வண்டி மறுநாள் காலை சென்னை சேர்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவையும் அடங்கும். தூரமும் பணமும் முன்போல் பெருந்தடைகள் அல்ல. காலதாமதமே இன்று பெருந்தடை.

அதே மாதத்தில் இருபது வயதைக் கடந்த ஒரு பெண்ணும் வந்தார். அவருக்கும் பிறவியிலேயே பெரிய துளை. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று வீட்டார் விட்டுவிட்டனர். பல்லாண்டுகள் மிகுதியான இரத்தம் பாய்ந்ததால் நுரையீரல் நாளங்கள் இறுகிவிட்டன. இந்நிலையில் துளையை மூடுவது உயிருக்கே ஆபத்தாகும். அவருக்கு மருந்து தரலாம். அறுவை செய்ய இயலாது. எத்துணைத் திறன்மிக்க கையும் கடந்துபோன காலத்தைத் தைத்துவிட முடியாது.

சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்வது உண்மைதான். ஆனால் எது மூடும், எது மூடாது என்பதை எக்கோவும் தொடர் பரிசோதனையுமே காட்டும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தல், இடையிடையே களைத்து நிறுத்துதல், மூச்சு வாங்குதல், எடை கூடாமை, அடிக்கடி நெஞ்சுச்சளி, நாவில் நீலம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே குழந்தையை அழைத்து வாருங்கள். அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ வரும் அரசு மருத்துவக் குழுவினர் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டும் போதாது. அதனுடன் மருத்துவமனைக்கு வரவேண்டும்.

அச்சிறுமி அறுவை முடிந்து ஊர் திரும்பி, சென்ற வாரம் மறுபரிசோதனைக்கு வந்தாள். நாக்கை நீட்டச் சொன்னேன். செவ்விய நிறத்தில் இருந்தது. படிக்கட்டில் ஓடியே இறங்கிப்போனாள்; நடுவில் எங்கும் குந்தி உட்காரவில்லை.