பெட்டியின் ஓரத்தில் ஓர் எண்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் ஏர் பிஸ்டலில் தேறி, இப்போது 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்கு வந்திருக்கிறாளாம். தோட்டா வாங்க வேண்டும். ஒருவர் ஈலி என்கிறார், இன்னொருவர் லாபுவா என்கிறார். மூன்றாமவர், பயிற்சிக்கு எதற்கு இவ்வளவு விலை, எஸ்.கே. போதும் என்கிறார். எதைத்தான் வாங்குவது?

அம்மா, உங்கள் மகளின் பிஸ்டல் எதைச் சிக்காமல் விழுங்குகிறதோ, அதை வாங்குங்கள்.

50 மீட்டர் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அங்கே தோட்டாவின் நுட்பம் பதக்கத்தையே தீர்மானிக்கும். 25 மீட்டர் பிஸ்டலின் துல்லியச் சுற்றில் அதே வட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டலை ஒரு தாங்கியில் பூட்டிச் சுட்டால், நல்ல பெயருள்ள எந்தத் தோட்டாவும் அதற்குள் அடங்கிவிடும். சிக்கல் வேகச் சுற்றில் வருகிறது. இலக்கு மூன்று நொடி தெரியும், ஏழு நொடி மறையும். இப்படி ஐந்து முறை. நடுவில் ஒரு காலிக் கூடு வெளியேறாமல் சிக்கினால், விதிகள் ஓரளவு இடம் கொடுத்தாலும் அந்தப் பெண்ணின் தாளம் போனது போனதுதான். வேகம் கூடிய 'ஹை வெலாசிட்டி' வகையை மட்டும் தொடாதீர்கள். போட்டிப் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றின் ஸ்பிரிங் சாதாரண வேகத்துக்கென்றே அமைந்தது.

மகளின் பிஸ்டலில் போடும் இந்தப் பாயின்ட் டூ டூ (.22) தோட்டாவை ஒருமுறை கையில் உருட்டிப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு அது. மற்றத் தோட்டாக்களில் நடுவே ஒரு பொட்டுபோல் தீமூட்டி இருக்கும், இதில் இல்லை. அடிப்பக்க விளிம்பின் உள்மடிப்புக்குள் தீமூட்டும் மருந்தை ஈரமாக வைத்து, கூட்டைச் சுழற்றிப் பரப்பிவிடுகிறார்கள். ஊசி விளிம்பில் எங்கே அடித்தாலும் அங்கே மருந்து இருந்தாக வேண்டும். 1887-இல் அமெரிக்காவில் வந்த அமைப்பு. இன்றும் ஒலிம்பிக் வரை இதுவே ஓடுகிறது.

ஈர மருந்து, மெல்லிய பித்தளை, மெழுகு. மூன்றுமே நாளுக்கு நாள் ஒரு இம்மி மாறக்கூடியவை. அதனால்தான் ஒரே தடவையில் தயாரானவை எவை என்று தெரிய, பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் லாட் எண் அச்சிடுகிறார்கள். எனக்கு இந்தத் தோட்டாவில் மிகவும் பிடித்த விஷயம் அந்த எண்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பகுதியில் பதினைந்து வருஷம் இருந்தவன். ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே மாஸ்டர். ஆனாலும் காலையில் இறக்கிய துணியும் மாலையில் இறக்கிய துணியும் ஒன்றல்ல. உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால், டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. வெயிலில் கொண்டு போனால் கை தனியாக நிற்கும். ரோல் ரோலாகச் சாக்பீஸால் லாட் எண் எழுதி வைப்போம்.

தோட்டாவிலும் அப்படியே. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஈலியும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவாவும் இதற்கென்றே சோதனைக் களம் வைத்திருக்கின்றன. வீரர்கள் துப்பாக்கியோடு போகிறார்கள். அதைத் தாங்கியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போனதை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். லாபுவா என்பது ஃபின்லாந்துப் பெயர். ஆனால் அதன் பாயின்ட் டூ டூவும் விலை குறைந்த எஸ்.கே.யும் வருவது அதே ஷோனபெக்கிலிருந்து. பயிற்சிக்கு எஸ்.கே. போதும் என்ற அந்த மூன்றாமவர் சொன்னது தவறே இல்லை.

நம் ஊரில் கடைக்குப் போய் அள்ளிக்கொண்டு வர முடியாது. உரிமம் உண்டு, ஒதுக்கீடு உண்டு. கிடைக்கும் இரண்டு மூன்று வகைகளில் வகைக்கொரு பெட்டி எடுங்கள். வகை மாற்றியதும் முதல் பத்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குழலுக்குள் பழைய மெழுகு போய்ப் புதியது படிய வேண்டும். பிறகு எத்தனை முறை சிக்கியது என்று மட்டும் எண்ணுங்கள். சிக்காத வகையில் ஒரே லாட்டாக வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள்.

ஒரு காட்சி என் மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு கிளப்பில் பல பெட்டிகளில் மிஞ்சிய தோட்டாக்களை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி, புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று மெல்ல உதைக்கிறது, அடுத்தது பலமாக உதைக்கிறது, மூன்றாவது சிக்குகிறது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துப் பிடியை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பயிற்சியாளரும் அவளைத்தான் கடிந்துகொண்டார். மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்பது சரிதான். அதற்காகக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளையின் கையில் அந்த டின்னைக் கொடுப்பது அநியாயம். மிஞ்சியதை, பழகிய கைகள் சுட்டுத் தீர்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. விரலில் ஒட்டும் அந்த மெழுகுப் பிசுபிசுப்பில் ஈயமும் இருக்கிறது. தீமூட்டும் மருந்திலும் பெரும்பாலும் ஈயம் உண்டு, புகையாக அது மூச்சிலும் ஏறும். சுடுகளத்தில் அப்படியே உட்கார்ந்து முறுக்கு தின்னும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். மகளின் பையில் தோட்டாப் பெட்டியோடு லாட் எண் எழுத ஒரு சின்ன நோட்டும் ஒரு சோப்பும் வைத்து அனுப்புங்கள், அம்மா. கையும் முகமும் கழுவிய பிறகு டிபன் பாக்ஸைத் திறக்கட்டும்.