மெகாபிக்சல் மிகுந்தால் படம் சிறக்குமா?

டிஜிட்டல் கேமரா வாங்குவோர் பெரும்பாலும் மெகாபிக்சலை, அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் அடங்கும் என்னும் எண்ணிக்கையை, முதலில் நோக்குகின்றனர். ஆயினும் ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சலே போதுமாகையால், அவ்வெண்ணைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ள இயலாது.

உண்மையான வேறுபாடு, ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிலிக்கான் சில்லாகிய உணரியின் பரப்பளவில் உள்ளது. ஒளி ஃபோட்டான் எனும் தனித்தனித் துகள்களாகச் சீரற்ற இடைவெளிகளில் வந்து சேர்வதால், ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 துகள்கள் விழுமாயின் அவ்வெண்ணிக்கை அதன் வர்க்கமூலமாகிய 100 அளவுக்கு, அதாவது 1 விழுக்காடு, ஏறியிறங்கும். 100 துகள்களே விழுமிடத்து அவ்வேற்றத்தாழ்வு 10 விழுக்காடாகிவிடும். மங்கிய ஒளியில் எடுத்த படங்களை மணல் தூவியதுபோல் கெடுக்கும் 'இரைச்சல்' எனும் குறைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

கையடக்கக் கேமராக்கள் பலவற்றின் உணரி ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டரே. ஏபிஎஸ்-சி எனும் வகையினதோ ஏறத்தாழ 370. லென்சின் குவியத் தொலைவை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்துப் பெறும் எஃப்-எண்ணும், ஒளி புகும் நேரமும் ஒன்றாயிருப்பின், பின்னது 13 மடங்கு ஒளியைத் திரட்டுவதால் அதில் இரைச்சல் குறையும். ஆகவே பணம் அளவோடு உள்ளவர்க்கு, புள்ளிகள் மிகுந்த புதிய சிறு கேமராவைவிட, நன்னிலையிலுள்ள பழைய ஏபிஎஸ்-சி கேமராவும், ஒளியை மிகுதியாக உள்விடும் எஃப்/1.8 லென்சு ஒன்றும் மிகச் சிறந்த தேர்வாகும்.