தட்டு வரை – 7: வேகாத இலை

சென்ற வாரம் பால் கேனோடு நிறுத்தியிருந்தோம். பாலைக் காய்ச்சாமல் நாம் குடிப்பதில்லை என்பதால் தொழுவத்தின் குறைகளை அடுப்பு சரிக்கட்டிவிடுகிறது என்று எழுதியிருந்தேன். கீரைக்கும் அடுப்புதான் காவல். ஆனால் ஒரு தழை மட்டும் அடுப்பைத் தொடாமலே தட்டுக்கு வந்துவிடுகிறது. அதைச் சொல்லும் முன் கொஞ்சம் ரயிலில் போய் வருவோம்.

மாட்டுங்கா, சயான், குர்லா என்று மும்பை லோக்கலில் போய் வந்தவர்களுக்குப் பழகிய காட்சி அது. தண்டவாளத்துக்கும் மதிலுக்கும் நடுவே பாத்தி பாத்தியாகப் பாலக், சிவந்த லால் மாட், வெண்டை, முள்ளங்கி. இவை திருட்டுத் தோட்டங்கள் அல்ல. காலி நிலம் ஆக்கிரமிப்புக்குப் போகாமலிருக்க, ‘அதிக உணவு விளைவிப்போம்’ திட்டத்தின் கீழ் ரயில்வே தன் கடைநிலை ஊழியர்களுக்கு உரிமம் கொடுத்து விட்ட நிலம். வங்கப் பஞ்சம் நடந்த 1940-களில் நாடு முழுக்க ஒலித்த முழக்கத்தின் பெயர்தான் அந்தத் திட்டத்துக்கும்.

நிலம் கிடைத்தது, தண்ணீர்? மும்பையில் மழை நாலு மாதம். மற்ற எட்டு மாதமும் பாத்திக்குப் பக்கத்தில் ஓடுவது நாலா என்கிற சாக்கடைதான். அதற்குக் கட்டணம் கிடையாது, வற்றுவதும் கிடையாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிலேயே கரைந்து வருவதால் உரச் செலவும் மிச்சம். பயிரிட்டவரைத் திட்டுவது எளிது. அவர் பாய்ச்சியது நம் வீட்டுக் கழிப்பறைகளிலிருந்து போன தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற குடல் கிருமிகள் இருக்கும். உயரத்தில் காய்க்கும் முருங்கைக்கு அதனால் பெரிய பாதகமில்லை. தரையோடு கிடக்கும் கீரை மேல் வாளியால் வீசி ஊற்றும்போது கிருமி இலையிலேயே தங்குகிறது. இலைத்துளை வழியாகவும் அறுத்த காயம் வழியாகவும் உள்ளே புகுந்ததைக் கழுவி எடுக்க முடியாது. அறுப்புக்குச் சில நாள் முன்பே நீரை நிறுத்தினால் வெயிலே பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். ஆனால் வாடிய கட்டை வாங்க யார் இருக்கிறார்கள்? சந்தைக்குப் போகும் நாள் வரை தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

கழிவுநீர்ப் பாசனம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. நல்ல தண்ணீரில் கழுவினால் கிருமி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். வேகவைத்தால் பத்து லட்சத்தில் ஒன்று மிஞ்சினாலே அதிகம்.

அதே 2006-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பசலையைத் தின்ற சுமார் 200 பேர் நோயில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். ஆராய்ந்தபோது அதே ஈ.கோலை வகை, வயலுக்கு அருகே மேய்ந்த மாடுகளின் சாணத்திலும் காட்டுப் பன்றியிலும் கிடைத்தது. அங்கே பசலையைப் பச்சையாகச் சாலட்டில் போடுகிறார்கள். மும்பையின் செம்பூரில் அதே இலை பருப்போடு கொதித்துக் கூட்டாகிறது.

அப்படியானால் நமக்குப் பயமில்லையா? கொத்தமல்லியைப் பாருங்கள். தாராவியில் விடியுமுன் இட்லி அவியத் தொடங்குகிறது. சைக்கிளில் ஏறி நகரமெங்கும் போகிற அந்த இட்லி, ஆவியில் நன்றாக வெந்தது. கூடப் போகும் கொத்தமல்லிச் சட்னி வேகாதது. ரசத்தை இறக்கிய பிறகு தூவுகிற தழையும், பானிபூரித் தண்ணீரும், வடாபாவுக்குள் தடவும் சட்னியும் அப்படித்தான். அந்தக் கொத்தமல்லி நாசிக் பக்கத்து வயலிலிருந்து வாஷி சந்தைக்கு லாரியில் வந்ததாகவும் இருக்கலாம். கட்டைக் கையில் எடுத்துப் பார்த்து அது எந்தத் தண்ணீர் குடித்தது என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் யாரும் சொல்லிவிட முடியாது.

வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. வேரையும் அடித்தண்டையும் நறுக்கித் தள்ளுங்கள். தழையை ஓடும் குழாய் நீரில் அலசுங்கள். கொத்தமல்லியை எண்ணெயில் நன்றாக வதக்கித் துவையலாக அரைப்பது நம் வீடுகளில் புதிதல்ல. கைக்குழந்தையும் வயோதிகரும் இருக்கும் வீட்டில் அதுவே நல்லது.

ஆனால் நாலாவில் கிருமி மட்டும் வருவதில்லை. பட்டறைகளின் ஈயமும் காட்மியமும் அதே தண்ணீரில் வருகின்றன. கீரை அவற்றை வேர் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அவை அழியா. பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கு அங்கே செல்லாது. தோட்டத்தை மூடினால் பாலக் வேறோர் ஊரின் வேறொரு சாக்கடையோரம் முளைக்கும். தண்ணீரைச் சுத்திகரித்துப் பாத்திக்கு விடுகிறவரை நாம் அடுப்பிடம் கேட்பது அதனால் ஆகாத வேலை.

(அடுத்த வாரம்: கோழித் தீவனத்தில் கலந்த கொலிஸ்டின், 2019-ல் வந்த தடை)